சேடில் பேக், டெயில் பேக் திருடு போகாமல் காப்பது எப்படி? ராமேஸ்வரம், குமரி பயணத்துக்கு யோசனை வேண்டும்

ஹிமாலயன்_திருப்பூர்

வணக்கம் நண்பர்களே. பொங்கல் விடுமுறையில் தனியாக ஒரு சுற்று கிளம்புகிறேன். திருப்பூர், மதுரை, ராமேஸ்வரம், தனுஷ்கோடி, அப்படியே கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்துத் தூத்துக்குடி, திருச்செந்தூர், கன்னியாகுமரி. திரும்பும்போது தென்காசி, குமுளி, மூணாறு, மறையூர், உடுமலை வழி. வண்டி ராயல் என்ஃபீல்ட் ஹிமாலயன் 411 பைக்.

சாமானுக்கு இரண்டு பக்கமும் துணி சேடில் பேக் வைத்திருக்கிறேன். சீட்டுக்கு மேலே குறுக்கே போட்டு வெல்க்ரோவில் ஒட்டி, கீழே பக்கிள் மாட்டுகிற வகை. பின் கேரியரில் ரோல் டாப், அதாவது வாயைச் சுருட்டி மூடுகிற டெயில் பேக், அதற்கு நாலு ஸ்ட்ராப். கழற்றி மாட்டச் சுலபம் என்றுதான் வாங்கினேன். அந்தச் சுலபம் எடுத்துப் போகிறவனுக்கும் உண்டு என்பதுதான் இப்போது கவலை. போன மாதம் என் நண்பனின் டெயில் பேக் நெடுஞ்சாலை ஹோட்டல் வாசலில், அவன் சாப்பிட்டு வருவதற்குள் போய்விட்டது. ஸ்ட்ராப்பை அறுக்கக்கூட இல்லை. பக்கிளை அழுத்திக் கழற்றி எடுத்திருக்கிறார்கள்.

கூட யாராவது இருந்தால் ஒருவர் வண்டியிடம் நிற்கலாம். நான் தனி. ராமேஸ்வரத்தில் 22 தீர்த்தமும் ஆட வேண்டும், அம்மாவின் வேண்டுதல். கோயிலுக்குள் ஃபோன் விடமாட்டார்கள். குமரியில் விவேகானந்தர் பாறைக்குப் போகப் படகு வரிசையில் நிற்க வேண்டும். இந்த நேரத்திலெல்லாம் பையை என்ன செய்வது? இவற்றை விற்றுவிட்டு அலுமினியப் பெட்டிக்குப் போய்விடலாமா? நம்பர் பூட்டு போதுமா? ஏர்டேக் மாதிரி இடம் காட்டுகிற சின்ன டேக் ஏதாவது போட்டால் பயன் உண்டா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

டாப்பாக்ஸ்_சேலம்

துணிப் பையே வேண்டாம் ப்ரோ, பெட்டிக்குப் போய்விடுங்கள். நான் கிவி மோனோகீ டாப் பாக்ஸ் போட்டிருக்கிறேன். ஒரே சாவிதான். அது இல்லாமல் மூடியும் திறக்காது, பெட்டியும் பிளேட்டை விட்டுக் கழலாது. டீ குடிக்க நிறுத்தினால் ஹெல்மெட்டை உள்ளே போட்டுப் பூட்டிவிட்டு நிம்மதியாகப் போகலாம். ராத்திரி சூட்கேஸாகக் கையில் தூக்கிக்கொண்டு ரூமுக்குப் போய்விடலாம். ஒன்று மட்டும் கவனம், என் பெட்டிக்கு 10 கிலோதான் வரம்பு. பூட்டு இருக்கிறதே என்று கனமானதையெல்லாம் பின்னால் ஏற்றினால் வளைவில் வண்டி ஆடும்.

லேத்_கோவை

தம்பி, சேலம் நண்பர் சொல்வது ஊருக்குள் ஓட்டுகிறவருக்குச் சரி. ஒரு பயணத்துக்காக நல்ல பைகளை விற்க வேண்டாம். எங்கள் பட்டறையில் சேடில் ஸ்டே (பக்கப் பையைத் தாங்குகிற கம்பி), டாப் பாக்ஸ் கேரியர் எல்லாம் செய்கிறோம். பெட்டி திருடு போய்ப் புதிதாக மாட்ட வருகிற வண்டிகளை நான் பார்க்கிறேன். பூட்டை உடைத்து எடுத்தது அபூர்வம். கேரியருக்கு அடியில் கைவிட்டு, 10 நம்பர் ஸ்பானரால் நாலு நட்டைக் கழற்றி, பிளேட்டோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள். அலுமினியப் பெட்டிக்கும் இதே கதைதான். பெட்டிப் பூட்டு அசையாமல் இருக்கும், ஃபிரேமைப் பிடிக்கிற போல்ட் கழன்றிருக்கும். கடையில் எல்லோரும் பூட்டை ஆட்டிப் பார்த்து வாங்குகிறார்கள். அடியில் இருக்கிற நட்டை யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

பையையே தூக்கிப் போவது ஒன்று, பையை விட்டுவிட்டு உள்ளே இருப்பதை எடுப்பது இன்னொன்று. இரண்டுக்கும் தடுப்பு வேறு வேறு.

தூக்கிப் போகாமல் இருக்க உங்கள் வண்டியிலேயே நல்ல வசதி இருக்கிறது. ஹிமாலயனில் பின் சீட் சாவி போட்டால்தான் கழலும். அந்தச் சீட்டையே பூட்டாக வைத்துக்கொள்ளுங்கள். ஹார்ட்வேர் கடையில் பிளாஸ்டிக் உறை போட்ட 4 எம்எம் வயர் ரோப் மீட்டர் கணக்கில் கிடைக்கும். இரண்டு முனையிலும் வளையம் மடக்கி, ஃபெருல் என்கிற சின்ன உலோகக் குழல் போட்டு நசுக்கி வாங்குங்கள். பின் சீட்டைக் கழற்றி, கயிற்றின் நடுப்பகுதியை சீட்டைத் தாங்குகிற சப்ஃபிரேம் குழாயில் ஒரு சுற்றுச் சுற்றி, முனைகளை இரண்டு பக்கமும் வெளியே விட்டு, சீட்டைத் திரும்ப மாட்டிப் பூட்டுங்கள். இனி சீட்டைத் திறக்காமல் கயிறு வராது. முனையைச் சேடில் பேக்கின் முதுகில் தைத்திருக்கிற இரும்பு வளையத்தில் விட்டுச் சின்னப் பூட்டைப் போடுங்கள். சில பைகளில் வளையம் இருக்காது. அப்போது கைப்பிடி வழியாக விட்டு, பையின் வயிற்றைச் சுற்றிக் கொண்டுவந்து பூட்ட வேண்டும். கைப்பிடி வெறும் நாடா. அதை மட்டும் நம்பினால் ஒரு பிளேடு போதும்.

கயிறு போகிற பாதையைக் கையால் தடவிப் பாருங்கள். சீட்டுக்கு அடியில் வயரிங் கட்டு ஓடும், அதன்மேல் கயிறு அழுந்தக் கூடாது. சீட் கொக்கி விழுகிற குழியில் மாட்டக் கூடாது. வலது பக்கம் தொங்குகிற முனை சைலன்சரில் பட்டால் உறை உருகிவிடும். இடது பக்கம் செயினுக்கு எட்டுகிற நீளத்தில் விடவே விடாதீர்கள். பூட்டு எதுவும் போடாமல் ஓட்டுகிற நேரத்தில் முனைகளைச் சுருட்டி வெல்க்ரோவால் கட்டிவிட வேண்டும்.

டெயில் பேக்குக்கு இன்னொரு துண்டு கயிறு. ரோல் டாப் பையில் வாயைச் சுருட்டி இரண்டு பக்கமும் பக்கிள் மாட்டினால், சுருளுக்கும் பைக்கும் நடுவில் ஒரு இடைவெளி கிடைக்கும். கயிற்றை அதற்குள் விட்டு இழுத்துக் கேரியரோடு பூட்டினால் பையும் போகாது, சுருளும் பிரியாது. தினமும் கழற்றாத கீழ் பக்கிள்கள் இருக்கின்றனவே, அவற்றின் இரண்டு காதையும் சேர்த்து ஒரு கேபிள் டை இறுக்கிவிடுங்கள். அழுத்தினால் அமுங்காது. உங்கள் நண்பருக்கு நடந்தது இதிலேயே தடைபட்டிருக்கும். வழியில் நீங்களே கழற்ற வேண்டி வந்தால் வெட்டிவிட்டுப் புதிதாகப் போட நாலைந்து டை கையில் இருக்கட்டும்.

இனி உள்ளே கைவிடுவது. ஜிப்பின் இரண்டு ரன்னரையும் சேர்த்துப் பூட்டினால் பத்திரம் என்று நினைக்கிறோம். வீட்டில் ஒரு பழைய பேக்கை அப்படிப் பூட்டிவிட்டு, பால்பாயிண்ட் பேனா முனையை ஜிப் பற்களின் நடுவில் குத்தி அழுத்திப் பாருங்கள். நைலான் ஜிப் பிளந்து வழிவிடும். வேண்டியதை எடுத்த பிறகு, பூட்டிய ரன்னரை அப்படியே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓட்டினால் பிளந்த இடம் மறுபடி மூடிக்கொள்ளும். பூட்டு இருந்த மாதிரியே இருக்கும். ராத்திரி ரூமில் திறக்கும்போதுதான் பொருள் இல்லை என்று தெரியும், அதற்குள் எந்த ஊரில் போனது என்றே சொல்ல முடியாது. அதனால் ரன்னரை ஒன்றோடு ஒன்று பூட்டுவதோடு நிறுத்தாதீர்கள். ஜிப்பின் கோடிக்குக் கொண்டுபோய் அங்கே பையில் இருக்கும் வளையத்தோடு சேர்த்துப் பூட்டுங்கள். ரன்னர் நகர முடியாது, பிளந்தால் பிளந்தபடியே நிற்கும், அடுத்த டீக்கடையிலேயே தெரிந்துவிடும். விலை உயர்ந்த பொருளை ஜிப் வைத்த வெளி அறையில் வைக்கவே கூடாது.

நம்பர் பூட்டு கேட்டீர்கள். மூன்று சக்கரப் பூட்டுக்கு ஆயிரம் எண்தான். மலிவானதில் வளையத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றினால், சரியான எண் வரும்போது விரலில் ஒரு பிடிப்பு தெரியும். ஆயிரத்தையும் முயல வேண்டியதே இல்லை. சாவிப் பூட்டுக்குப் போங்கள். நீங்கள் போகிற வழியிலிருந்து கொஞ்சம் விலகினால் திண்டுக்கல், பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய ஊர். சின்னப் பித்தளைப் பூட்டு நாலு, முடிந்தால் ஒரே சாவியில். மாற்றுச் சாவி உங்கள் பர்ஸில் இருக்கட்டும்.

கேரியர் போல்ட்டுக்கு ஒரு பட்டறை வேலை சொல்கிறேன். தலையில் அறுகோணக் குழி வைத்த உருளைத் தலை ஆலன் போல்ட்டில் எம்6 என்றால் 5 எம்எம் ஆலன் கீ போகும். அந்தக் குழியில் சைக்கிள் முன் சக்கரத்துப் பால்ரஸ் குண்டு, 3/16 இஞ்ச், கச்சிதமாக உட்காரும். குண்டைப் போட்டு மேலே அரால்டைட் பசை நிரப்பிவிட்டால் ஆலன் கீ நுழையாது. பக்கத்துக்கு ஒரு போல்ட்டுக்குச் செய்தால் போதும். நட்டு வெளியே தெரிகிற இடத்தில் இது உதவாது. பின்னால் நட்டைத் திருப்பினால் கழன்றுவிடும். அங்கே நட்டைப் பற்றவைத்தோ, மறைப்புத் தகடு அடித்தோதான் தர வேண்டும்.

கத்தியோடு வருகிறவனைத் துணிப் பை தடுக்காது. பையின் மேல் போர்த்திப் பூட்டுகிற பேக்சேஃப் எஃகு வலை இருக்கிறது, நல்ல சாமான், ஆனால் விலையும் எடையும் அதிகம். உங்கள் வழிக்குத் தேவைப்படாது என்பது என் கணக்கு. ஹோட்டல் வாசலில் கை வைக்கிறவன் அரை நிமிடத்தில் நகர வேண்டும் என்று வருகிறான். கயிறு, பூட்டு, டை என்று மூன்று தடங்கல் பார்த்தால் பக்கத்து வண்டிக்குப் போய்விடுவான்.

நாகர்கோவில்_ரைடர்

அண்ணா சொன்ன கயிறு வேலையை அப்படியே செய்யுங்கள், நானும் இந்த வகையில்தான் கட்டுகிறேன். நானும் தனியாகத்தான் ஓட்டுகிறேன், அதனால் நிறுத்தம் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில் உள்பை. ஒவ்வொரு சேடில் பேக்குக்குள்ளும் ஒரு மெல்லிய நைலான் பை வைத்து, சாமான் எல்லாம் அதற்குள். ராத்திரி ரூமுக்குப் போவது உள்பைகள் மட்டும். சேறும் கிரீஸும் பட்ட வெளிப்பை வண்டியிலேயே கயிற்றில் கிடக்கட்டும். காலியான வெளிப்பையை மூடிப் பூட்டாதீர்கள். வாயைத் திறந்து மடக்கிப் போட்டு, உள்ளே ஒன்றும் இல்லை என்பது வெளிச்சத்தில் தெரிகிற மாதிரி விட்டுவிடுங்கள். மூடிய பையைத்தான் அறுத்துப் பார்ப்பார்கள்.

ராமேஸ்வரத்தில் மதுரையிலிருந்து வந்த வேகத்தில் நேராகக் கோயில் வாசலுக்குப் போகவே போகாதீர்கள். எவ்வளவு சின்ன ரூமாக இருந்தாலும் முதலில் ரூம். அக்னி தீர்த்தத்தில் கடலில் முங்கி, அந்த ஈரத்தோடு உள்ளே போய் ஒவ்வொரு கிணறாக நனைய வேண்டும். பொங்கல் கூட்டத்தில் எவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்ல முடியாது. கையில் இருக்க வேண்டியது ரூம் சாவி, பிளாஸ்டிக் கவரில் கொஞ்சம் பணம், அவ்வளவுதான். வண்டிச் சாவியைக்கூட ரூமில் வைத்துவிடலாம். கோயிலுக்கு நடந்தே போங்கள்.

ஃபோன் விஷயம் முக்கியம். 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தமிழ்நாட்டுக் கோயில்களில் ஃபோனுக்குத் தடை போட்டது. திருச்செந்தூர்க் கோயில் வழக்கில் வந்த உத்தரவுதான் அது. அதிலிருந்து நிறையப் பேர் ஃபோனை வண்டிப் பையிலோ டேங்க் கவரிலோ போட்டுவிட்டு உள்ளே போகிறார்கள். கோயில் வாசலில் நிற்கிற வண்டியில் ஃபோன் இருக்கும் என்று நமக்குத் தெரிகிற மாதிரி மற்றவருக்கும் தெரியும். திருச்செந்தூரில் ஃபோன் வைக்கிற கவுண்டரில் கொடுத்து டோக்கன் வாங்குங்கள். வரிசை நீளமாக இருந்தாலும் நில்லுங்கள்.

தனுஷ்கோடிக்கு ரூமிலிருந்து வெறும் வண்டியோடு போய் வாருங்கள். அரிச்சல்முனையில் இறங்கி நடக்காமல் இருக்க மனம் வராது, பின்னால் பைகள் இருந்தால் அந்த நடையே கெட்டுவிடும். இன்னொன்று, அங்கே காற்றில் மணலும் உப்பும் பறக்கும். திரும்பியதும் பூட்டுகளை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். எங்கள் ஊர்ப் பக்கம் உப்புக் காற்றில் சின்னப் பூட்டு இறுகி, கடைசியில் நம் கயிற்றை நாமே வெட்ட வேண்டி வரும்.

குமரியில் விவேகானந்தர் பாறைக்குப் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகத்துப் படகு. 2024 டிசம்பர் கடைசியில் கண்ணாடிப் பாலம் திறந்த பிறகு வள்ளுவர் சிலை வரை நடந்து பார்த்துவிட்டு வருவதால் நேரம் கூடும். அன்றைக்கும் ரூம் போட்ட பிறகே போங்கள். காணும் பொங்கல் அன்று மட்டும் கன்னியாகுமரி வேண்டாம், வண்டி நிறுத்தவே இடம் இருக்காது.

சாப்பாட்டுக்கு நிறுத்தும்போது, வண்டி தெரிகிற மேசை இல்லையென்றால் நான் அடுத்த கடைக்குப் போய்விடுவேன். கேமரா, பணம், ஆவணம் எல்லாம் ஒரு சின்ன இடுப்புப் பையில் காலையிலேயே உடம்போடு வந்துவிட வேண்டும். நிறுத்திய இடத்தில் நின்று பையைத் திறந்து, எதை எடுக்கிறோம், எதை விடுகிறோம் என்று நாலு பேர் பார்க்கிற மாதிரி செய்யக் கூடாது.

தென்காசி_எக்ஸ்பல்ஸ்

எங்கள் பக்கம் பூட்டை விடக் குரங்குக்குப் பயப்படுங்கள். குற்றாலத்தில் குளிக்க நிறுத்தினாலும் சரி, மேலே குமுளி, மூணாறு சாலை என்றாலும் சரி, துணிப் பையின் வெளி அறையில் பிஸ்கட், பழம் இருந்தால் ஜிப்பை இழுத்துத் திறந்துவிடும், வராவிட்டால் கடித்துக் கிழிக்கும். தின்பண்டம் காலியானாலும் கவரை உள்ளே வைக்காதீர்கள், வாசனை போதும். ரன்னரை வளையத்தோடு கட்டுகிற வழி குரங்குக்கும் பொருந்தும், நான் செய்து பார்த்திருக்கிறேன்.

இன்சூரன்ஸ்_திருச்சி

வண்டி இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று யாரும் இருந்துவிடாதீர்கள். இரு சக்கர வாகன பேக்கேஜ் பாலிசியில், வண்டியும் சேர்ந்து திருடு போனால் ஒழிய, துணைச் சாமான் மட்டும் திருடு போனதற்குப் பணம் வராது. டாப் பாக்ஸ், பானியர் என்கிற பக்கப் பெட்டி எல்லாம் இந்தக் கணக்கில்தான். பைக்குள் இருந்த துணி, கேமரா, லேப்டாப் அந்தப் பாலிசிக்குள்ளேயே வராது. என் மேசைக்கு இப்படி வருகிறவர்களிடம் இதைச் சொல்லும்போது எனக்கே கஷ்டமாக இருக்கிறது. அதனால்தான் முன்கூட்டியே எழுதுகிறேன்.

ஆர்சி, லைசென்ஸ் அசலை வீட்டில் வைத்துவிட்டு டிஜிலாக்கர் அல்லது எம்பரிவாஹன் அரசுச் செயலியில் காட்டுங்கள், அது செல்லும். பைகளை மாட்டிய வண்டியை ஒரு படம், பில்களை ஒரு படம், ஃபோனின் ஐஎம்இஐ எண், எல்லாம் வீட்டில் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள்.

ஒருவேளை போய்விட்டால், கிடைக்கிற முதல் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பிஎன்எஸ்எஸ் என்கிற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவில், எல்லை எதுவானாலும் எந்த நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். தூத்துக்குடியில் போனதைத் திருச்செந்தூரில் கவனித்தால் திரும்ப ஓட வேண்டாம். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது கொடுத்தால் வாங்கிக்கொண்டு, எஃப்ஐஆர் எண்ணையும் கேளுங்கள். மனுவில் ‘திருடு போனது’ என்று தெளிவாக எழுதுங்கள். சீக்கிரம் முடியும் என்று யாராவது சொன்னாலும் ‘காணாமல் போனது’ என்று எழுதிக் கொடுக்காதீர்கள். இரண்டும் ஒன்றல்ல, பின்னால் எதற்கும் உதவாது. ஃபோன் போயிருந்தால் புகார் எண்ணை வைத்து மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அதை முடக்கலாம்.

ஏர்டேக் கேட்டிருந்தீர்கள். அது பக்கத்தில் போகிற ஆப்பிள் ஃபோன்களை வைத்து இடம் காட்டுகிறது. டவுனில் நன்றாகக் காட்டும், ஆள் நடமாட்டம் இல்லாத கடற்கரைச் சாலையில் காட்டாமல் இருக்கும். உங்களுடையது ஆண்ட்ராய்ட் என்றால் கூகுள் வலையமைப்பில் ஓடுகிற டேக் பார்த்து வாங்குங்கள். அலுமினியப் பெட்டிக்குள் போட்டால் சிக்னல் அடைபடும். துணிப் பையில் அந்தத் தொல்லை இல்லை, முதுகு லைனிங்குக்குள் தைத்துவிடுங்கள். இடம் காட்டினால் தனியாகப் போய் நிற்காதீர்கள். ஃபோனைக் காவலரிடம் காட்டி அவர்களோடு போங்கள்.

ஹிமாலயன்_திருப்பூர்

எல்லோருக்கும் நன்றி. பேனா விஷயத்தைப் பழைய காலேஜ் பேக்கில் செய்து பார்த்தேன். அப்படியே பிளந்து, அப்படியே மூடிக்கொண்டது. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

அலுமினியப் பெட்டி யோசனையை விட்டுவிட்டேன். உள்பை இரண்டு இங்கேயே தைத்துக்கொள்கிறேன், திருப்பூரில் அதற்குப் பஞ்சம் இல்லை. ராமேஸ்வரத்தில் ரூம் இன்றே சொல்லி வைத்துவிட்டேன். லேத் அண்ணா, இரண்டு சந்தேகம். என் கேரியரில் இரண்டு போல்ட் எம்8, அதற்கு என்ன குண்டு? பயணம் முடிந்து கழற்ற வேண்டுமென்றால் அரால்டைட் வருமா?

லேத்_கோவை

எம்8 உருளைத் தலைக்கு 6 எம்எம் குழி, 7/32 குண்டு போடுங்கள். தலை வளைந்த போல்ட் என்றால் குழி ஒரு அளவு சிறிது, முதலில் ஆலன் கீயை விட்டு அளந்துகொள்ளுங்கள். கழற்ற நினைக்கிறீர்கள் என்றால் அரால்டைட் வேண்டாம், மெழுகை உருக்கி ஊற்றி மேலே கறுப்பு பெயின்ட் ஒரு தொடு வையுங்கள். பார்த்தால் தெரியாது, வந்தபிறகு ஊசியால் கிண்டினால் குண்டு வந்துவிடும். சைலன்சர் பக்கத்துப் போல்ட்டுக்கு மட்டும் மெழுகு ஆகாது, சூட்டில் உருகும். அங்கே அரால்டைட்தான். பின்னால் சால்டரிங் அயர்னை வைத்துச் சூடேற்றினால் இளகும்.

வயர் ரோப் முனை நசுக்க இங்கேயே வந்துவிடுங்கள், அரை மணி வேலை. பொங்கலுக்கு முந்தின வாரம் கூட்டமாக இருக்கும், அதற்கு முன்னால் வாருங்கள். பைகளில் சாமானை நிரப்பி, வண்டியில் மாட்டியபடியே கொண்டு வாருங்கள். காலிப் பைக்கு அளந்து வெட்டினால் நிரம்பிய பைக்குக் கயிறு எட்டாது.